பத்தாவது சுற்றில் தெரியும்: டிராக் பைக்குக்கு மாற்று சஸ்பென்ஷனை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில், சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டும் ஒரு டிராக் நாளின் காலையில் பைக்குடன் வந்த பின் ஷாக்கோடும் (பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கும் எண்ணெய் உருளையும் சேர்ந்த பாகம்), பிற்பகலில் புதிதாக வாங்கிய ஷாக்கோடும் ஓட்டினேன். புதியதில் வண்டி வளைவுக்குள் எவ்வளவு இலகுவாகத் திரும்புகிறது என்று அதன்பின் ஒரு மாதம் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் இரண்டையும் மேசையில் அருகருகே கிடத்தி, மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை அளந்தபோது, புதியது 4 மி.மீ. நீளமாக இருப்பது தெரிந்தது. ஷாக்கைப் பின் சக்கரத்தோடு இணைக்கும் நெம்புகோல் அமைப்பான லிங்கேஜின் விகிதத்தின் காரணமாக அந்த 4 மி.மீ. பின்புறத்தைச் சுமார் 9 மி.மீ. உயர்த்தி, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கின் சாய்வைக் குறைத்து, முன் சக்கரத்தின் மீது கூடுதல் எடையைச் சாய்த்திருந்தது. நான் ஒரு மாதம் பாராட்டிக்கொண்டிருந்தது வால்வையும் அல்ல, ஸ்பிரிங்கையும் அல்ல, வெறும் உயரத்தை. முன் ஃபோர்க்குகளை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சில மில்லிமீட்டர் மேலே தள்ளியிருந்தால், ஏறக்குறைய அதே பலன் ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்திருக்கும்.

ஆகவே இரண்டு சஸ்பென்ஷன்களை ஒப்பிடுவது என்பது, உயரம், ஸ்பிரிங், டயர் அழுத்தம், நேரம் ஆகிய மற்ற எல்லாவற்றையும் சமமாக்கிய பிறகு மிஞ்சும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான். அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். பெட்டியின் மேலிருக்கும் பெயரைக் கேட்டு வாங்குவது எளிது என்றாலும், அந்தப் பெயருக்குக் கொடுத்த விலை எங்கே போயிற்று என்பது டிராக்கில் முதல் இரண்டு சுற்றுகளில் தெரியாது; பத்தாவது சுற்றில்தான் தெரியும்.

சாலைக்காக அமைக்கப்பட்ட சஸ்பென்ஷன் டிராக்கில் ஏன் திணறுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. வண்டி 45 பாகை சாய்ந்து ஒரே வேகத்தில் வளைவைக் கடக்கும்போது, புவியீர்ப்பும் மைய விலக்கும் சேர்ந்து சஸ்பென்ஷனை அழுத்தும் விசை, நேராக நிற்கும்போது இருப்பதைப்போல் 1.41 மடங்காகிறது. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 250 கிலோ என்றால், அந்த நேரத்தில் ஸ்பிரிங்குகள் தாங்குவது 350 கிலோவுக்கும் மேல். 50 பாகையில் இது 1.55 மடங்கைத் தாண்டிவிடும். அதாவது வளைவின் நடுவிலேயே சஸ்பென்ஷன் தன் ஓட்டத்தில், அதாவது அமிழக்கூடிய மொத்தத் தூரத்தில், பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது; அங்கே ஒரு மேடு வந்தால் அதை விழுங்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. குழிகளுக்கும் வேகத்தடைகளுக்கும் பின்னிருக்கைப் பயணிக்கும் இணங்கும்படி நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஸ்பிரிங் இந்த வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அல்ல. அதைக் குறையென்று சொல்வது நியாயமாகாது.

முதலில் இருப்பதை அளந்துகொள்ளுங்கள்

புதியதை வாங்கும் முன், இப்போது வண்டியில் இருப்பது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிட்டில் (டிராக்கின் ஓரம் வண்டிகளை நிறுத்திச் சரிசெய்யும் இடம்) ‘சேக்’ என்று சொல்லப்படும் அமிழ்வுதான் இதற்கு அடிப்படை. பின்பக்கத்துக்கு, சக்கர அச்சுக்கு நேர் மேலே வால் பகுதியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து டேப் வரை அளக்க வேண்டும். அடுத்து ஹெல்மெட், லெதர் சூட், பூட்ஸ் உள்ளிட்ட முழு உடுப்போடு ஓட்டுநர் ஏறி, கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, டிராக்கில் குனிவதைப்போல் குனிந்து அமர வேண்டும். ஒருவர் முன்னால் நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் வாலை லேசாக அழுத்தி மெதுவாக விட்டு ஒரு முறையும், லேசாகத் தூக்கி மெதுவாக விட்டு ஒரு முறையும் அளக்க வேண்டும்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். சக்கரம் தொங்கும்போது 560 மி.மீ.; அழுத்திவிட்டபோது 524; தூக்கிவிட்டபோது 530. பின்னிரண்டின் சராசரி 527 என்பதால் அமிழ்வு 33 மி.மீ. ஆகிறது. 524-க்கும் 530-க்கும் இடையிலுள்ள 6 மி.மீ. உராய்வால் வருவது. லிங்கேஜ் பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தபின் அதே சோதனையில் அது 3 மி.மீ. ஆகக் குறைந்தது, வண்டியும் சிறு மேடுகளில் மென்மையாகிவிட்டது. புதிய ஷாக் வாங்கலாமா என்று யோசிக்கும் பலருடைய பைக்கில் உண்மையில் காய்ந்துபோன பேரிங்தான் இருக்கிறது என்பது என் ஊகம்.

சுமார் 120 மி.மீ. ஓட்டமுள்ள ஸ்போர்ட்ஸ் பைக்கில், ஓட்டுநரோடு முன்பக்கம் 30 முதல் 35 மி.மீ., பின்பக்கம் 25 முதல் 30 மி.மீ. அமிழ்வது டிராக்குக்கு நல்ல தொடக்கப் புள்ளி. ஓட்டுநர் இல்லாமல் வண்டி தன் எடையால் மட்டும் பின்னால் 5 முதல் 10 மி.மீ. அமிழ வேண்டும். இந்த இரண்டாவது எண்ணைப் பலர் அளப்பதே இல்லை. ஆனால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதைச் சொல்வது அதுதான். ஓட்டுநரோடு அளந்த எண் சரியாக இருந்தும் வண்டி தனியாக நிற்கும்போது சற்றும் அமிழவில்லையென்றால், மென்மையான ஸ்பிரிங்கைப் பிரீலோடால் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் திருகு) இறுக்கி ஒப்பேற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். தனியாகவே 15 மி.மீ.க்கு மேல் அமிழ்ந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு அளவுக்கு மீறி விறைப்பானது.

ஸ்பிரிங் சமமாகாமல் ஒப்பீடு கிடையாது

பிரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் விறைக்கும் என்ற நம்பிக்கை இன்னமும் பிட்டில் உலவுகிறது. பிரீலோடு ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை. வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே மாற்றுகிறது. விறைப்பு மாற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்களின் ஷாக்குகள் பெரும்பாலும் அந்த நாட்டு ஓட்டுநரின் எடையை மனத்தில் வைத்துத் தேர்ந்த ஸ்பிரிங்கோடு வருகின்றன. உடுப்போடு 70 கிலோ வரும் ஒருவர் அதை அப்படியே பொருத்தி, ‘இந்த பிராண்டு கல்லுபோல் இருக்கிறது’ என்று சொன்னால், அவர் பேசுவது ஸ்பிரிங்கைப் பற்றி. பிராண்டைப் பற்றி அல்ல. வாங்கும்போதே உடுப்போடு கூடிய எடையைச் சொல்லி ஸ்பிரிங்கை மாற்றித் தரக் கேட்க வேண்டும். நல்ல விற்பனையாளர் நாம் சொல்வதற்கு முன்பே அதைக் கேட்பார்.

அலகுகளிலும் கவனம் தேவை. ஒரு ஃபோர்க் ஸ்பிரிங்கில் 9.0 என்றும் மற்றொன்றில் 0.90 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒருவர் குழம்பியதைக் கண்டிருக்கிறேன். முன்னது மில்லிமீட்டருக்கு நியூட்டன். பின்னது மில்லிமீட்டருக்குக் கிலோ. ஒரு கிலோ விசை 9.81 நியூட்டன் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 8.5-லிருந்து 9.0-க்குப் போவது சுமார் 6 விழுக்காடு கூடுதல் விறைப்பு. எண்ணளவில் சிறிதாகத் தோன்றினாலும் பிரேக் பிடிக்கும்போது கைக்குத் தெளிவாகத் தெரியும்.

டாம்பிங்: கிளிக் எண்ணிக்கையால் மயங்க வேண்டாம்

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. அது எவ்வளவு வேகத்தில் அமிழ்ந்து எவ்வளவு வேகத்தில் மீள வேண்டும் என்பதை எண்ணெய் வால்வுகள் வழியே ஓடும் வேகம் கட்டுப்படுத்துகிறது; இந்தத் தடைதான் டாம்பிங். விலையுயர்ந்த ஷாக்குக்கும் மலிவானதற்கும் உள்ள உண்மையான வேறுபாட்டில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அமிழும்போது தடுப்பது கம்ப்ரெஷன், மீளும்போது தடுப்பது ரீபவுண்டு. உயர்ரக ஷாக்குகளில் கம்ப்ரெஷனை ‘லோ ஸ்பீடு’, ‘ஹை ஸ்பீடு’ என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இங்கே ஸ்பீடு என்பது வண்டியின் வேகமல்ல, ஷாக்கின் தண்டு நகரும் வேகம். 150 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை நிதானமாக அழுத்தினால் ஃபோர்க் நகர்வது லோ ஸ்பீடில்; 60 கி.மீ. வேகத்தில் டிராக்கின் ஓரத் திட்டான கெர்ப் மீது ஏறினால் ஹை ஸ்பீடில்.

டாம்பிங் திருகைத் திருப்பும்போது ‘கிளிக்’ என்று நிற்கும் நிலைகள் ஒன்றில் 30, மற்றொன்றில் 20 என்பதால் முன்னது சிறந்ததாகிவிடாது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2021-இல் அறிமுகமான டைனமிக் கிட்டில் கம்ப்ரெஷனுக்கும் ரீபவுண்டுக்கும் 20 நிலைகள் வீதம் கொடுத்திருந்தார்கள். கவனமாகப் பயன்படுத்தினால் ஒரு டிராக் நாள் ஓட்டுநருக்கு அதுவே தாராளம். கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொரு கிளிக்கும் என்ன செய்கிறது என்பதுதான். ரீபவுண்டை முழுவதும் மூடி, இருக்கையை அழுத்தி விட்டு, அது எழும் நேரத்தைப் பாருங்கள். பிறகு முழுவதும் திறந்து அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அந்தத் திருகு அலங்காரத்துக்கு இருக்கிறது. ரீபவுண்டைத் திருகும்போது கம்ப்ரெஷனும் சேர்ந்து இறுகுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எளிய அமைப்புகளில் ஒரே துளை வழியாக எண்ணெய் இரு திசையிலும் ஓடுவதால் இப்படி நேரும். ஓலின்ஸ் நிறுவனத்தின் நிக்ஸ் 30 போன்ற ஃபோர்க் கார்ட்ரிட்ஜ்களில் (ஃபோர்க்குக்குள் பொருத்தும் முழு டாம்பிங் தொகுதி) ஒரு காலில் கம்ப்ரெஷனையும் மறு காலில் ரீபவுண்டையும் தனித்தனியே வைத்திருப்பதற்குக் காரணம், ஒன்றைத் தொடும்போது மற்றொன்று அசையக் கூடாது என்பதே.

கிளிக்கை எப்போதும் முழுவதும் மூடிய நிலையிலிருந்து வெளியே எண்ண வேண்டும். மூடும்போது இரண்டு விரல்களால் மென்மையாகத் திருகி, தடை தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். பலம் காட்டினால் ஊசி வால்வின் முனை நசுங்கிவிடும்.

டிராக்கில் அதிகம் ஏமாற்றும் அறிகுறி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடர் மேடுகளில் வண்டி கட்டைபோல் இடித்தால், ‘விறைப்பு அதிகம், கம்ப்ரெஷனைக் குறை’ என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ரீபவுண்டு மிக மெதுவாக இருந்தாலும் இதே உணர்வு வரும்: முதல் மேட்டில் அமிழ்ந்த சக்கரம் முழுதாக மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுவதால், சஸ்பென்ஷன் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் அசைய இடமின்றி இடிக்கிறது. ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

முன்பக்கம்: எவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஃபோர்க்கில் செலவு படிப்படியாக ஏறுகிறது. ஸ்பிரிங்கும் எண்ணெயும் மாற்றுவது முதல் படி. வால்வு சேர்ப்பது இரண்டாவது. முழுக் கார்ட்ரிட்ஜ் மூன்றாவது. ஃபோர்க்கையே மாற்றுவது நான்காவது. 300 சிசி வகையில் பல பைக்குகள் டாம்பர் ராடு எனப்படும் எளிய அமைப்போடு வருகின்றன. நிலையான அளவுள்ள துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்குவதால், அதன் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. பிரேக் பிடிக்கும்போது நடக்கும் மெதுவான நகர்வில் தடை போதாமல் மூக்கு குப்பென்று கவிழும். கூர்மையான மேட்டில் தடை மிகுந்து கையை உதறும். ரேஸ் டெக் நிறுவனத்தின் கோல்டு வால்வு எமுலேட்டர் போன்றவை இந்த ஒரு குறையைக் குறைந்த செலவில் சரிசெய்யப் பிறந்தவை. ஸ்பிரிங்கோடு சேர்த்து அதைப் பொருத்தினால், தொடக்க நிலை ஓட்டுநருக்கு நான்கு மடங்கு விலையுள்ள கார்ட்ரிட்ஜ் தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்பது என் கருத்து. பிரேக்கை விடாமல் வளைவுக்குள் கொண்டுசெல்லப் பழகியவருக்குத்தான் கார்ட்ரிட்ஜின் அருமை புரியும்.

ஃபோர்க் எண்ணெய் வாங்கும்போது 10டபிள்யூ, 5டபிள்யூ என்ற எண்களை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 10டபிள்யூ மற்றொன்றின் 5டபிள்யூவுக்கு அருகில் இருக்கக்கூடும். எண்ணெயின் விவரத் தாளில் 40 பாகை செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) என்று அச்சிட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான். எண்ணெயின் மட்டமும் முக்கியம். மேலேயுள்ள காற்றுவெளி குறையக் குறைய ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஃபோர்க் விறைக்கும். உள்குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றிவிட்டு ஓட்டினால், பிரேக்கில் எவ்வளவு ஓட்டம் செலவானது என்று தெரியும். கடினமான பிரேக்கில்கூடக் கடைசி 10 மி.மீ. மிச்சமிருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

வெப்பம்

சென்னைப் பக்கத்தில் ஓட்டுபவருக்கு இதுதான் ஒப்பீட்டின் மையம். ஷாக் விழுங்கும் ஆற்றல் முழுவதும் எண்ணெயின் வெப்பமாக மாறுகிறது. எண்ணெய் சூடாகி இளகினால் டாம்பிங் குறைகிறது. நைட்ரஜனும் எண்ணெயும் ஒரே உருளைக்குள் கலந்திருக்கும் எமல்ஷன் வகை ஷாக்குகள் விலையில் குறைவு, எடையிலும் குறைவு. ஆனால் தொடர்ந்து வேலை வாங்கினால் நுரைத்துப் பிடிமானம் இழக்கும். வாயுவைத் தனிக் குடுவையில் பிரித்து வைத்த வகை அதைத் தாங்கும். ஓலின்ஸ் டிடிஎக்ஸ் வரிசையிலுள்ள இரட்டைக் குழாய் அமைப்பு இன்னொரு படி மேலே போய், பிஸ்டனின் இரு பக்கமும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதால், எண்ணெயில் குமிழ் தோன்றுவதைத் தடுக்கிறது.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். காலையில் ஷாக் குளிர்ந்திருக்கும்போது இருக்கையை அழுத்தி விட்டு அது எழுவதைச் செல்பேசியில் படமெடுங்கள். பதினைந்து நிமிட செஷன் முடித்து பிட்டுக்குள் வந்தவுடன், ஹெல்மெட்டைக் கழற்றும் முன், அதையே மறுபடி எடுங்கள். சூட்டில் இருக்கை துள்ளி எழுந்தால் டாம்பிங் போயிருக்கிறது. மூன்றாவது சுற்றில் நன்றாக இருந்த வண்டி பத்தாவதில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆடத் தொடங்கினால், டயரைக் குற்றம் சொல்லும் முன் இந்தப் படங்களைப் பாருங்கள். டயரும் அதே நேரத்தில் சூடாகிறது என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிராக்கில் ஒப்பிடும் முறை

இரண்டு ஷாக்குகளையும் முதலில் ஒரே நீளத்துக்கும் ஒரே அமிழ்வுக்கும் கொண்டுவர வேண்டும். டயர் ஒரே வகையாக, ஒரே வயதுள்ளதாக இருக்க வேண்டும். அழுத்தத்தை டிராக்கிலிருந்து வந்த சூட்டோடு அளந்து சமப்படுத்த வேண்டும். பெட்ரோல் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். காலையில் ஒன்று, நண்பகலில் மற்றொன்று என்று ஓட்டினால் ஒப்பிடுவது தார் வெப்பத்தைத்தான். ஆகவே பழையது, புதியது, மீண்டும் பழையது என்று மூன்று செஷன் ஓட்ட வேண்டும். மூன்றாவதில் பழைய ஷாக்கே முதல் செஷனைவிட வேகமாக இருந்தால், வேகம் கூடியதற்குக் காரணம் நீங்கள், ஷாக் அல்ல. இது என் விஷயத்தில் ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. மட்டுமே. நீண்ட வேக வளைவில் ஷாக்கின் நிலைத்தன்மை தெரியும். குறுகிய தளத்தில் ஓட்டுநர் வண்டியை மாற்றி மாற்றிச் சாய்ப்பதால் ரீபவுண்டின் குணம் தெரியும். ஒரு தளத்தில் கிடைத்த முடிவை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. எல்லா வளைவுகளையும் நினைவில் வைத்துக் குறிப்பெழுதுவது முடியாத காரியம் என்பதால், வேகமானது ஒன்று, பிரேக் கடுமையாகப் பிடிப்பது ஒன்று, முடுக்கிக்கொண்டு வெளியேறுவது ஒன்று என மூன்றைத் தேர்ந்து, அவற்றில் நுழையும்போதும் நடுவிலும் வெளியேறும்போதும் வண்டி என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள்.

சிறந்த சுற்று நேரத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. கடைசியாக நான் செய்த ஒப்பீட்டில் இரண்டு ஷாக்குகளின் சிறந்த சுற்றுக்கும் இடையே ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்குதான் வேறுபாடு. ஆனால் பழையதில் சுற்றுகள் ஒன்றரை நொடி வரை சிதறியிருந்தன. புதியதில் எல்லாமே அரை நொடிக்குள் அடங்கின. விலை கொடுத்து வாங்கியது அந்த நிதானத்தைத்தான்.

பெயர்கள், சர்வீஸ், பழைய சாமான்

இவ்வளவையும் சமமாக்கிய பிறகு பிராண்டுகளுக்கு இடையே மிஞ்சும் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. 1976-இல் கென்த் ஓலின் சுவீடனில் தொடங்கிய ஓலின்ஸ் நிறுவனத்தின் பொருள்களில் திருகுகள் சீராக வேலை செய்வதும், உதிரிபாகங்கள் நெடுங்காலம் கிடைப்பதும் பலம். பிரிட்டனின் கே-டெக்கும் இத்தாலியின் ஆண்ட்ரியானியும் பிடுபோவும் பந்தயப் பின்னணியிலிருந்து வருபவை. சிறு பைக்குகளுக்கும் கார்ட்ரிட்ஜ் தருகின்றன. தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் விலைக்கு மிகையான மதிப்புத் தருகிறது. கேடிஎம் வைத்திருப்பவர்களுக்கு, அந்த வண்டிகளோடு வரும் சஸ்பென்ஷனைச் செய்யும் டபிள்யூபியின் உயர்ரகப் பொருள்கள் இயல்பான அடுத்த படி. பந்தயத்தில் இறங்குபவர் இவற்றில் எதையும் வாங்கும் முன் தன் பிரிவின் விதிநூலைப் படிக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்டும் ஸ்டாக் பிரிவுகளில் ஷாக் மாற்ற அனுமதி இல்லாமல் போகலாம்.

பெயரைவிட எனக்கு முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஓட்டும் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் இதைத் திறந்து, சீல் மாற்றி, நைட்ரஜன் நிரப்பித் தரக்கூடியவர் இருக்கிறாரா? டிராக்கில் ஓடும் ஷாக்குக்குப் பருவத்துக்கு ஒரு முறையாவது எண்ணெய் மாற்ற வேண்டும். சீலுக்காக இரண்டு மாதம் காத்திருக்கும் உயர்ரக ஷாக், அந்த இரண்டு மாதமும் அலமாரியில்தான் இருக்கும்.

பழைய சாமானாக வாங்குவோரும் இங்கே நிறையப் பேர். அப்படி வாங்கும்போது தண்டின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் சீல் நிலைக்காது. சீலைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்த கரிய வளையம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்ணைப் படித்து உங்கள் எடைக்கானதா என்று பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பேசுங்கள். கீழ்த் துளையின் பேரிங் ஆட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், பையிலிருந்து அளவுகோலை எடுத்து, மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை அளந்து, உங்கள் வண்டியில் இருப்பதன் நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.